தண்ணீர் குடித்தால் இருமும் பிள்ளைக்குப் பேச்சு எப்போது வரும்?

திருவொற்றியூரிலிருந்து இங்கே பதிவு எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். "ஸ்பீச் தெரபி எத்தனை மாசம் கொடுத்தால் பேச்சு வரும்?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்கு மேலே நீங்கள் எழுதியிருப்பதில்தான் விஷயம் முழுக்க இருக்கிறது. மகனுக்கு இரண்டு வயது இரண்டு மாதம். ஒன்பதாம் மாதத்தில் காய்ச்சலும் வாந்தியுமாக ஐ.சி.யூ.வில் கிடந்து வந்ததிலிருந்து தலை நிற்கவில்லை, கை கால் முறுக்குகிறது. பரிசோதனையில் குளூட்டாரிக் அசிடூரியா டைப் 1 என்று வந்திருக்கிறது. கூப்பிட்டால் பார்க்கிறான், அப்பா வண்டிச் சாவியை எடுத்தால் சிரிக்கிறான், ஆனால் ஒரு வார்த்தை கிடையாது. தண்ணீர் கொடுத்தால் இருமுகிறான். வயிற்றில் டியூப் போடச் சொல்கிறார் டாக்டர். கூடாது என்கிறார் மாமியார், நாக்கில் வசம்பு தேய்த்தால் போதும் என்கிறார். அடுத்த குழந்தையைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்பது மாதக்கணக்கு மட்டும் இல்லை. இவன் நம்மோடு என்றைக்காவது பேசுவானா, அதுவரை இவனுக்கு எப்படி ஊட்டுவது, டியூப் போட்டால் வாய்ச்சாப்பாடும் பேச்சும் அதோடு போய்விடுமா? இந்த மூன்றையும் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் பல வருஷமாக வேலை செய்யும் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சோடு, விழுங்குவதில் சிரமப்படும் குழந்தைகளையும் பார்க்கிறேன். மருந்தின் அளவும் புரதத்தின் அளவும் உங்கள் மெட்டபாலிக் டாக்டரும் (உணவை உடம்பு உடைத்துப் பயன்படுத்துவதில் வரும் பிறவிக் கோளாறுகளைப் பார்ப்பவர்) டயட்டீஷியனும் சொல்ல வேண்டியவை, அவற்றில் நான் கை வைக்க மாட்டேன். உங்கள் பையனை நேரில் பார்க்காமல் அவன் எவ்வளவு பேசுவான் என்றும் சொல்ல மாட்டேன். நேரில் பார்த்தவர்கள்கூட இந்த வயதில் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் செய்ய வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலில் விழுங்குவது, அடுத்து அவன் மனதில் இருப்பதைச் சொல்ல ஒரு வழி, அதற்குப் பிறகுதான் வாய்ப்பேச்சு. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நாம் சாப்பிடும் புரதத்தில் இருக்கும் லைசின், டிரிப்டோபான் என்ற இரண்டு அமினோ அமிலங்களை உடைக்கும் பாதையில் ஒரு நொதி இவனுக்குச் சரியாக வேலை செய்வதில்லை. உடையாமல் தேங்கும் பொருட்கள் மூளைக்கு ஆகாது. காய்ச்சல், வாந்தி, பட்டினி என்று வந்தால் உடம்பு தன் சதையையே கரைத்து எரிபொருளாக்கிக்கொள்ளும். அப்போது அந்தத் தேக்கம் திடீரென்று ஏறி, மூளையின் ஆழத்தில் இருந்து அசைவுகளைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஸ்ட்ரயேட்டம் என்பார்கள், அடிபடுகிறது. இப்படிப்பட்ட நெருக்கடி பெரும்பாலும் 3 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் வரும், 6 வயதுக்குப் பிறகு மிக அரிது. உங்கள் மகனுக்கு ஒன்பதாம் மாதத்தில் நடந்தது இதுதான். நீங்கள் ஊட்டியதிலோ பார்த்துக்கொண்டதிலோ வந்த குற்றம் இல்லை இது.

அடிபட்ட அந்தப் பகுதி தெரபியால் பழையபடி ஆகிவிடாது. இதை மறைத்துப் பேசுவதில் உங்களுக்கு நன்மை கிடையாது. ஆனால் இதே அளவு உறுதியான இன்னொன்றும் இருக்கிறது: இந்த நோயில் பெரும்பாலும் அடி வாங்குவது உடம்பை இயக்கும் பகுதிதான். புரிந்துகொள்ளும் திறன் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. சாவிச் சத்தம் கேட்டதும் சிரிக்கிறானே, அதற்கு என்ன அர்த்தம்? சாவி என்றால் வண்டி, வண்டி என்றால் வெளியே போகிறோம் என்று மூன்றையும் அவன் கோத்து வைத்திருக்கிறான். "மூளை வளர்ச்சி இல்லாத பிள்ளை" என்று யாராவது அவன் காதுபடச் சொன்னால் தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். அவனுக்குப் புரியக்கூடும்.

காது கேட்கிறதா என்ற பரிசோதனை நடந்ததாக நீங்கள் எழுதவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. பெரா டெஸ்ட் என்று கேளுங்கள், தூங்கும்போது செய்வார்கள். பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் அது இல்லாமல் நான் தெரபி தொடங்குவதில்லை.

இப்போது இருமலுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் இருமலுக்குக் காரணம் சொல்வது ரொம்ப எளிது. லாரிப் புகை, எண்ணூர் பக்கத்துத் தூசி, மணலிக் காற்று என்று ஏதாவது ஒன்று கைவசம் இருக்கும். அதனாலேயே ஊட்டும்போது வரும் இருமல் தப்பித்துவிடுகிறது. நாள் முழுக்க அங்கங்கே இருமினால் அது வேறு. தண்ணீர், பால், ரசம் குடிக்கிற நேரத்திலும் குடித்து முடித்த சில நிமிடங்களிலும் மட்டும் இருமினால், நீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். குடித்த பிறகு அவன் எழுப்பும் சத்தத்தைக் கேளுங்கள். தொண்டையில் தண்ணீர் நிற்பது மாதிரி களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா? கண் கலங்குகிறதா? அடிக்கடி நெஞ்சுச் சளி, காரணம் தெரியாத காய்ச்சல் வருகிறதா? ஒரு வேளை ஊட்டி முடிக்க அரை மணிக்கு மேல் ஆகிறதா? இவையெல்லாம் அடையாளங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்த இல்லை. நரம்பு பாதிப்புள்ள குழந்தைகளில் ஒரு பகுதிக்கு, உள்ளே தவறிப் போனாலும் இருமலே வராது. ஆகவே "இப்போதெல்லாம் இருமறதில்லை" என்று ஒரு நாள் நீங்கள் சந்தோஷப்பட்டால், அது குணமானதாகவும் இருக்கலாம், தொண்டை உணர்ச்சி மந்தமானதாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து இதைப் பிரித்துச் சொல்ல என்னாலும் முடியாது. பேரியம் கலந்த உணவை ஊட்டி எக்ஸ்-ரேயில் வீடியோவாகப் பார்க்கும் பரிசோதனையோ, மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனையோதான் காட்டும். இரண்டில் எது இங்கே செய்கிறார்கள், எங்கே என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். டியூப் பற்றிய முடிவுக்கு முன்னால் இது நடப்பது நல்லது.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டியவை இருக்கின்றன. மடியில் மல்லாக்கப் படுக்க வைத்து, தலை பின்னால் தொங்க, பாலாடையால் ஊற்றுவது நம் பாட்டிமார் பழக்கம். இவனுக்கு அது ஆகவே ஆகாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் வாய்க்கு நேராகத் திறந்துகொள்கிறது, வாயில் ஊற்றியது அவன் தயாராகும் முன்பே தொண்டைக்கு இறங்கிவிடுகிறது. மூக்கைப் பிடித்து விழுங்க வைப்பது, அழும்போது ஊற்றுவது இரண்டும் அதைவிட ஆபத்து, ஏனென்றால் அழும் குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும். உட்கார வைத்து ஊட்டுங்கள். இடுப்பு மடங்கி, முதுகு தாங்கலாக, பாதம் எதன் மேலாவது பதிந்து, தாடை கொஞ்சம் உள்வாங்கி இருக்கட்டும். இந்த நோயில் தலை பெரிதாக இருக்கும் பிள்ளைகள் அதிகம். கழுத்துக்கு அந்தப் பாரம் தாங்காது, பக்கவாட்டில் துண்டைச் சுருட்டி வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டியிருக்கும். குழிவில்லாத தட்டைக் கரண்டி, அதில் பாதிக்கும் குறைவான அளவு. நாக்கின் நடுவில் லேசாக அழுத்திவிட்டு, அவன் உதடு மூடும்வரை பொறுங்கள். மேல் பல்லில் கரண்டியை வழித்து எடுக்காதீர்கள், அது தாடையைக் கவ்வவைக்கும். தொண்டை ஒரு முறை மேலே ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த கரண்டி. எதிரே உட்காருங்கள், அவன் கண்ணுக்குச் சமமாகவோ கொஞ்சம் தாழ்ந்தோ. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவன் அண்ணாந்து பார்ப்பான், மறுபடி தலை பின்னால் போய்விடும்.

நீர் வேகமாக ஓடுவதால்தான் தண்ணீருக்கு மட்டும் இருமல் வருகிறது. கொஞ்சம் கெட்டியாக்கினால் வேகம் குறையும், அவனுக்கு நேரம் கிடைக்கும். எவ்வளவு கெட்டி என்பதை அவனைப் பார்க்கும் தெரபிஸ்ட் சொல்ல வேண்டும். ஆனால் சொன்ன அளவு தினமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க உலகம் முழுக்க ஒரு எளிய முறை இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச், உள்தண்டை உருவிவிடுங்கள். 0 முதல் 10 வரையிலான கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்கும் சிரிஞ்சாக இருக்க வேண்டும். நுனியை விரலால் அடைத்து 10 வரை ஊற்றி, விரலை எடுத்து 10 வினாடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். 1 மில்லிக்குக் குறைவாக மீந்தால் அது தண்ணீர் மாதிரி. 1 முதல் 4 வரை மீந்தால் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, 8-க்கு மேல் மீந்தும் கொஞ்சம் ஓடியிருந்தால் மூன்றாம் நிலை. "கொஞ்சம் கெட்டியா" என்று நான் சொன்னால் நீங்கள் ஒன்று நினைப்பீர்கள், உங்கள் மாமியார் வேறொன்று நினைப்பார். சிரிஞ்சில் அந்தக் குழப்பம் கிடையாது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. கஞ்சி, ஜவ்வரிசி, கூவைக்கிழங்கு மாவு என்று மாவுப்பொருளால் கெட்டியாக்கியதை, எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பத் திரும்ப அதே கிண்ணத்தில் விட்டு ஊட்டினால், பாதி நேரத்தில் கஞ்சி நீர்த்துவிடும். எச்சிலில் மாவை உடைக்கும் நொதி இருக்கிறது. ஆரம்பத்தில் நன்றாகச் சாப்பிட்டுக் கடைசியில் இருமுகிறான் என்று தாய்மார்கள் சொன்னால் நான் முதலில் கிண்ணத்தைத்தான் பார்ப்பேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டுங்கள், மீதி மூடியிருக்கட்டும். கெட்டியாக்குவதிலும் சிக்கல் உண்டு: குடிக்கும் தண்ணீர் குறையும், மலச்சிக்கல் வரும். சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று பாருங்கள்.

டியூப் விஷயத்தில் உங்கள் மாமியாரின் பயம் எனக்குப் புரிகிறது. வயிற்றில் ஓட்டை என்று கேட்டாலே யாருக்கும் நெஞ்சு பதறும். ஆனால் மற்ற பிள்ளைகளுக்கும் இவனுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மற்ற பிள்ளை காய்ச்சலில் ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தால் இளைப்பான், அவ்வளவுதான். இவன் சாப்பிடாமல் கிடந்தால் மூளைக்கே ஆபத்து. காய்ச்சல் நாளில் வாய் மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்த குளுக்கோஸ் கரைசலையும் மருந்தையும் வீட்டிலேயே உள்ளே அனுப்ப ஒரு வழி அந்த டியூப். முறுக்கம் அதிகமுள்ள குழந்தைகள் அசைவிலேயே நிறைய கலோரியை எரிக்கிறார்கள், வாயால் மட்டும் ஊட்டி அதை ஈடுகட்ட முடியாமல் எடை நின்றுபோவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். டியூப் போட்டால் வாயால் எதுவுமே கூடாது என்று சட்டமில்லை. பரிசோதனையில் பாதுகாப்பு என்று தெரிந்த பதத்தில் ருசிக்குக் கொஞ்சம், தினமும், குடும்பத்தோடு உட்கார்ந்து கொடுக்கலாம். பசியைத் தீர்க்கும் பொறுப்பு வாய்க்கு இல்லாமல் போனால், ஊட்டும் நேரத்தில் இருவருக்கும் உள்ள இறுக்கமும் போய்விடுகிறது. டியூப் போட்டதால் பேச்சு நின்றுவிடாது.

டியூப் எல்லாவற்றையும் சரிசெய்யும் என்றும் சொல்ல மாட்டேன். எச்சில் தவறி உள்ளே போவதை அது தடுக்காது. வயிற்றிலிருந்து எதுக்களிப்பது சிலருக்கு அதிகமாகலாம். அதனால் டியூப் போட்டாலும் வாயைத் தினமும் துலக்க வேண்டும், அழுக்கு வாயின் எச்சில்தான் நுரையீரலில் அதிகம் கெடுதல் செய்யும். மூக்கு வழி டியூப் சில வாரங்களுக்குச் சரி, மாதக்கணக்கில் வைப்பது மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். முடிவு உங்களுடையதும் டாக்டருடையதும். என்னைக் கேட்டால், எடையும் நெஞ்சுச் சளியும் டாக்டர் சொல்வதை ஆமோதிக்கும் பட்சத்தில், தள்ளிப்போடாதீர்கள் என்பேன்.

காய்ச்சல் நாளைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் டாக்டரிடம் ஒரு அவசரக் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடனே என்ன தர வேண்டும், எதை நிறுத்த வேண்டும், யாரை போனில் கூப்பிட வேண்டும் என்று ஒரே பக்கத்தில். நடு ராத்திரியில் நீங்கள் போய் நிற்பது பக்கத்து கேஷுவாலிட்டியாக இருக்கும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் இந்த நோயை அங்கே இருக்கும் இளம் டாக்டர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கடிதம் கையில் இருந்தால் அரை மணி மிச்சம். பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரு நகலை போனிலும் வையுங்கள். இந்த நோய்க்கான, லைசின் இல்லாத சிறப்பு உணவுப் பவுடரும் மருந்தும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதலாகவே கையிருப்பில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் வடிய எத்தனை நாளானது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் செய்வதில் சில இவனுக்கு ஆகாதவை. தெம்புக்கு ஆட்டுக்கால் சூப், மீன் குழம்புச் சாறு, பருப்புத் தண்ணீர், சத்துமாவு, பால் கலந்த ஹெல்த் டிரிங்க் எல்லாவற்றிலும் லைசின் இருக்கிறது. பருப்பு, பால், முட்டை, மீன், கறி இவற்றின் புரதத்தில் அது அதிகம், அரிசியில் ஒப்பிட்டால் குறைவு. ஒரு கரண்டியானாலும் டயட்டீஷியன் கணக்குக்குள் வர வேண்டும். இந்த நோய்க்குக் கொடுக்கும் கார்னிடின் மருந்தைச் சாப்பிடும் பிள்ளைகள் சிலருக்கு உடம்பில் மீன் வாடை வரும், அதை வைத்து வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டாம். வசம்பைப் பொறுத்தவரை, அது பேச்சைக் கொண்டுவரும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது, அமெரிக்காவில் 1968-இலேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்தார்கள். குழந்தைகளுக்கு அது வாந்தியை உண்டாக்கும், இவனுக்கு வாந்தி என்பது ஆஸ்பத்திரி சமாச்சாரம். தொக்கம் எடுப்பதும் அப்படியே. இருமுகிறான், தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று யாராவது கூட்டிப்போனால் மறுத்துவிடுங்கள். மாமியாரிடம் சண்டையாக வேண்டாம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள், அவர் கேள்வியை அவரே கேட்கட்டும். ஊட்டுவது பெரும்பாலும் பாட்டிதான் என்றால் நான் பாட்டிக்குத்தான் கற்றுக்கொடுப்பேன்.

இனி பேச்சு. பேச வேண்டுமென்றால் மூச்சு, குரல், தாடை, நாக்கு, உதடு எல்லாம் நொடிக்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இவனுக்கு இருக்கும் முறுக்கத்தை டிஸ்டோனியா என்பார்கள். அதன் குணம், முயற்சி செய்யும்போது கூடும், தூங்கும்போது அடங்கும். "சொல்லு கண்ணா, அம்மா சொல்லு, சொன்னாத்தான் தருவேன்" என்று எல்லோரும் சூழ்ந்து கேட்கும்போது அவன் வாய் அகலத் திறந்து பூட்டிக்கொள்வதையும், நாக்கு வெளியே தள்ளுவதையும், முதுகு வில்லாக வளைவதையும் கவனித்திருப்பீர்கள். அது பிடிவாதமில்லை. சொல்ல முயல்கிறான், அந்த முயற்சியே வாயைப் பூட்டுகிறது. ஆகவே வற்புறுத்தல் குறையக் குறைய சத்தம் வரும் வாய்ப்பு கூடும். நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பத்து வரை மனதுக்குள் எண்ணிக் காத்திருங்கள், அவன் உடம்புக்குத் தயாராக அந்த நேரம் வேண்டும்.

எவ்வளவு பேச்சு வரும் என்பது அடிபட்ட பரப்பைப் பொறுத்தது. சில பிள்ளைகள் குழறலாகவாவது வாக்கியம் பேசுகிறார்கள், சிலருக்கு வீட்டார் மட்டும் புரிந்துகொள்ளும் சில சொற்கள், சிலருக்கு வாய்ச்சொல் வருவதே இல்லை. என் அனுபவத்தில் நான் கவனிப்பது, தானாக விருப்பத்தோடு வேறுவேறு சத்தம் எழுப்புகிறானா, வேண்டும்போது குரலைத் தொடங்கி நிறுத்த முடிகிறதா, உதட்டை மூடித் திறக்க முடிகிறதா என்பதை. இவை இருந்தால் எனக்கு நம்பிக்கை கூடும். ஆனால் இது என் கணிப்பு, விதி இல்லை.

அதனால்தான் பேச்சு வரட்டும் என்று காத்திருக்காமல் இன்றைக்கே வேறு வழி தொடங்கச் சொல்கிறேன். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறுமி, இதேபோல உடம்பு முழுக்க முறுக்கம். தலையை ஆட்ட வராது, கை நீட்ட வராது. அவளிடம் கேள்வி கேட்டால் விட்டத்தைப் பார்ப்பாள், எல்லோரும் கவனம் சிதறுகிறது என்று நினைத்தோம். "அவ மேல பாத்தா ஆமான்னு அர்த்தம் சார்" என்று அவள் ஆயாதான் சொன்னார். சோதித்துப் பார்த்தோம், அப்படியேதான் இருந்தது. அந்த ஒரு "ஆமா"வை வைத்து எது வேண்டும், எங்கே வலிக்கிறது, யார் தூக்க வேண்டும் என்று அவள் வீட்டில் எல்லாமே கேட்கத் தொடங்கினார்கள். உங்கள் மகனிடமும் ஏதோ ஒன்று இருக்கும். கண் மேலே போவது, சிரிப்பு, ஒரு விரல் அசைவு, ஒரு சத்தம். இரண்டு பொருளை எடுத்து, இடைவெளி விட்டு இருபக்கமும் அவன் முகத்துக்கு நேராகப் பிடியுங்கள். "பந்தா, சாவியா?" என்று கேட்டுக் கண் எங்கே தங்குகிறது என்று பாருங்கள். எதைப் பார்த்தானோ அதை உடனே கொடுங்கள், தப்பாகப் பார்த்தானோ என்று திரும்பக் கேட்காதீர்கள். தான் பார்த்தால் ஒன்று நடக்கிறது என்று அவன் உணர வேண்டும். அது பழகியதும் படங்கள், படப் பலகை, பிறகு டேப்லட். சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலி இதற்குத்தான். கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பில் இந்த மாற்று வழித் தொடர்பில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள்.

"படம் காட்டிப் பழக்கினால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடுமே" என்று கிட்டத்தட்ட எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். 2006-இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பில், வளர்ச்சிக் குறைபாடுள்ள 27 பேரின் விவரத்தை எடுத்துப் பார்த்தார்கள். மாற்று வழி கற்ற பிறகு ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, 89 சதவீதம் பேருக்கு ஓரளவு கூடியிருந்தது. சின்ன எண்ணிக்கைதான், இந்த நோயை மட்டும் வைத்துச் செய்ததும் இல்லை. பேச்சைக் கொண்டுவரும் என்று அதை வைத்து நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பேச்சைக் கெடுக்காது என்பதை மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்கிறேன், இவற்றில் பணம் கரைவதைப் பார்த்திருக்கிறேன். விசில் ஊதுவது, பலூன் ஊதுவது, நாக்கை இழுத்து மசாஜ் செய்வது போன்ற வாய்ப் பயிற்சிகளால் பேச்சு வருகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தொண்டையில் மின் தூண்டல் கொடுத்து விழுங்கலைச் சரிசெய்வதற்கு குழந்தைகளில் உள்ள ஆதாரம் பலவீனம். நாக்கின் அடிச்சவ்வை அறுத்தால் பேசிவிடுவான் என்றால் நம்பாதீர்கள், இவன் பேச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டெம் செல் சிகிச்சை என்று லட்சக்கணக்கில் யாராவது கேட்டால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலின்படி இப்படிப்பட்ட நரம்புப் பாதிப்புக்கு அதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே காசு வாங்கிச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பதிவுக்குக் கீழே இன்னொருவர், "என் அண்ணன் பிள்ளைக்கும் மெட்டபாலிக்தான், மாத்திரையிலேயே சரியாயிட்டான்" என்று எழுதியிருந்தார். அது உண்மையாக இருக்கலாம். பயோட்டினிடேஸ் குறைபாட்டில் பயோட்டின் மாத்திரையைச் சீக்கிரம் தொடங்கினால் பிள்ளை நன்றாகவே தேறிவிடும், தாமதித்தால் காது கேளாமை தங்கிவிடலாம். கேலக்டோசீமியாவில் பாலை முதல் வாரத்திலேயே நிறுத்தினாலும் பல பிள்ளைகளுக்குச் சொற்களைக் கோர்த்துச் சொல்வதில் தடுமாற்றம் வருகிறது. பாம்பே (Pompe) என்ற இன்னொரு நோயில் தசைகளே பலவீனம், நாக்கு பெரிது. மெட்டபாலிக் என்ற ஒரே பெயருக்குள் வேறுவேறு நோய்கள், ஒன்றின் கதையை வைத்து இன்னொன்றை அளக்க முடியாது.

உடம்பு அசைவு பற்றி பிசியோதெரபிஸ்ட் விரிவாகச் சொல்வார். நான் சேர்ப்பது சில வார்த்தைகள்தான். தலை தாங்கும் சரியான நாற்காலி கிடைத்த அன்றே பல பிள்ளைகளுக்குக் கண் பார்வையும் கையும் விழுங்கலும் ஒருசேர மேம்படுவதைப் பார்க்கிறேன், ஆகவே நாற்காலியை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சக்கரம் வைத்த வாக்கர் வேண்டாம். இந்த நோயில் சின்ன அடியிலும் மண்டைக்குள் ரத்தம் கசியும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட அதிகம், விழுந்து தலையில் பட்டால் காட்டிவிடுங்கள். முறுக்கத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் தூக்கத்தையும் எச்சில் வடிதலையும் கூட்டும். எந்த வேளை மருந்துக்கு எவ்வளவு நேரம் கழித்து நன்றாக விழுங்குகிறான் என்று ஒரு நோட்டில் குறித்து டாக்டரிடம் காட்டுங்கள், நேரத்தை மாற்றினாலே சில சமயம் போதும்.

மாதக் கணக்கைக் கேட்டீர்களே, வாரத்தில் ஓரிரு தடவை தெரபிஸ்ட் கையில் முக்கால் மணி நேரம் என்பது உங்கள் கையில் அவன் இருக்கும் மீதி நேரத்துக்கு வழிகாட்டத்தான். உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கதவைச் சாத்திச் செய்யும் தெரபியில் எனக்கு நம்பிக்கை இல்லை. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறிச் சென்ட்ரலில் மாறினால் எழும்பூர், அங்கே அரசுக் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் உங்களுக்கு ஊரின் மறுகோடி, மாதம் ஒருமுறை போய்த் திட்டம் வாங்கிவந்து பக்கத்தில் ஒருவரிடம் தொடரலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையை, யு.டி.ஐ.டி. என்பார்கள், எடுத்துவிடுங்கள். அது இருந்தால் தமிழக அரசின் மாத உதவித்தொகை 2,000 ரூபாய்க்கும், ஒரு லட்சம் வரையிலான நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுக்கும் தகுதி பார்த்து விண்ணப்பிக்கலாம். 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையில் சிறப்பு உணவு தேவைப்படும் நோய்களின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது, அந்த வழியில் பவுடருக்கு உதவி கிடைக்குமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியாக அடுத்த குழந்தை. அம்மா, அப்பா இருவரிடமும் ஆளுக்கொரு பழுதான மரபணுப் பிரதி இருப்பதால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்தில் கல்யாணம் செய்யாதவர்களுக்கும் இது வருகிறது, அதை வைத்து யாரையும் குறை சொல்ல வேண்டாம். பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, நெருக்கடி வருவதற்கு முன்பே உணவும் கார்னிடினும் தொடங்கி, காய்ச்சல் நாட்களில் உடனுக்குடன் அவசரச் சிகிச்சையும் கிடைத்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்த முறுக்கம் வராமலே வளர்கிறார்கள். கருவிலேயே பார்க்க வேண்டுமென்றால் 11 முதல் 13 வாரத்துக்குள் செய்யும் பரிசோதனை இருக்கிறது. அதற்கு இவனுடைய மரபணு ரிப்போர்ட்டும் உங்கள் இருவருடைய ரிப்போர்ட்டும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், கர்ப்பமான பிறகு ரத்தம் அனுப்பினால் நேரம் போதாது. ஆகவே கர்ப்பத்துக்கு முன்பே மரபணு ஆலோசகர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.